வலிக்கும் இடுப்போடு நடமாட: நடை, தண்ணீர், சைக்கிள், பயிற்சி, அறுவை சிகிச்சை – எது யாருக்கு?

எனக்கு வயது 57. தாம்பரத்தை அடுத்த ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். வலது இடுப்பு மூட்டு தேய்ந்திருக்கிறது என்று தெரிந்து இரண்டு வருடம் ஆகிறது. அது தெரிவதற்கு முன்னால் ஒரு வருடம் முழுக்க முட்டிக்குத் தைலம் தடவிக்கொண்டிருந்தேன். வலி தொடை இடுக்கில் தொடங்கி, தொடையின் முன்பக்கமாக இறங்கி, முட்டியில் வந்து உட்காரும். முட்டியை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் அங்கே ஒன்றும் இல்லை. நாம் பேச்சில் ‘இடுப்பு வலி’ என்று சொல்வது பெரும்பாலும் முதுகின் அடிப்பகுதியை. இடுப்பு மூட்டு இருப்பதோ கவட்டுக்கு உள்ளே, நல்ல ஆழத்தில். அதனாலேயே பலர் என்னைப் போல மாதக்கணக்கில் தவறான இடத்தைத் தேய்த்துக்கொண்டிருக்கிறார்கள். கால் நகம் வெட்டக் குனிய முடியவில்லை, சாக்ஸ் போட முடியவில்லை, சம்மணம் போட்டால் ஒரு பக்கத் தொடை மட்டும் தரையில் படியவில்லை என்றால் இடுப்பு மூட்டைச் சந்தேகப்படுங்கள்.

எக்ஸ்ரே பார்த்தபின் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். ‘தேய்ந்ததை மேலும் தேய்க்காதே, உட்கார்’ என்றார் அக்கா. ‘தினமும் ஐந்தாயிரம் அடி நடங்க டீச்சர், சரியாயிடும்’ என்றார் பள்ளியில் உடன் வேலை பார்ப்பவர். நீச்சல் என்றார் ஒருவர், யோகா என்றார் இன்னொருவர், ஆபரேஷனே பண்ணிவிடு என்றார் தம்பி. எல்லோரும் அக்கறையோடுதான் சொன்னார்கள். ஆனால் எல்லாவற்றையும் செய்ய ஒரு நாளில் நேரம் கிடையாது, உடம்பும் இடம் கொடுக்காது. எதை எடுப்பது, எதை விடுவது என்று நான் முடிவு செய்த விதத்தை, இதே இடத்தில் நிற்கும் வேறு யாருக்காவது உதவும் என்று எழுதுகிறேன்.

முதலில் ஓய்வு. இதை ஒரு வழியாகவே நான் எண்ணவில்லை. மூட்டுக் குருத்தெலும்புக்கு ரத்தக் குழாய் கிடையாது. மூட்டுக்குள் இருக்கும் திரவம்தான் அதற்குச் சாப்பாடு; அழுத்தமும் தளர்வும் மாறி மாறி வரும்போதுதான் அந்தத் திரவம் உள்ளே போய் வரும். அசையாமல் உட்கார்ந்தால் வலி இரண்டு நாள் குறைவது போலத் தெரியும். அதற்குள் தொடைத் தசையும் பிட்டத் தசையும் இளைக்க ஆரம்பித்துவிடும். மூட்டைத் தாங்கிக்கொண்டிருப்பவையே அந்தத் தசைகள்தான். அவை இளைத்தால் அடுத்த முறை எழுந்து நடக்கும்போது வலி கூடுதலாக இருக்கும். ‘பார்த்தாயா, நடந்ததால்தான் வலி’ என்று மறுபடி உட்காருவோம்.

அப்படியானால் எவ்வளவு வலி வரை பொறுக்கலாம்? என் பிசியோ சொல்லிக்கொடுத்த அளவுகோல் இது. டென்மார்க்கில் 2013இல் தொடங்கிய கிளாட் என்ற மூட்டுத் தேய்மானப் பயிற்சித் திட்டத்திலும் கிட்டத்தட்ட இதைத்தான் வைத்திருக்கிறார்கள். வலியைப் பூச்சியத்திலிருந்து பத்து வரை மனதுக்குள் எண்ணுங்கள். பயிற்சியின்போது இரண்டு வரை கவலை இல்லை. ஐந்து வரை பரவாயில்லை. ஐந்தைத் தாண்டினால் குறைக்க வேண்டும். முக்கியமானது அடுத்த நாள்: 24 மணி நேரத்துக்குள் வலி பழைய அளவுக்குத் திரும்பிவிட்டதா? திரும்பவில்லை என்றால் அளவு அதிகமாகிவிட்டது என்று பொருள், பயிற்சியையே விட வேண்டும் என்று பொருள் இல்லை. கீழே சொல்லும் ஒவ்வொன்றையும் நான் இந்த ஒரே கோலால்தான் அளந்தேன்.

நடையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் நடையை யாராலும் முழுக்க விட முடியாது. கடைக்கும் பஸ்ஸுக்கும் போயே ஆக வேண்டும்.

நடக்கும்போது ஒவ்வொரு அடியிலும் ஒரு கணம் ஒற்றைக் காலில் நிற்கிறோம். அப்போது உடம்பு முழுவதும் அந்த ஒரு மூட்டின் உள்பக்கமாகத் தொங்குகிறது. அது சாய்ந்துவிடாமல் இருக்க இடுப்பின் வெளிப்பக்கத் தசை இழுத்துப் பிடிக்கிறது. ஒரு கை குட்டை, ஒரு கை நீளம் என்று இருக்கும் துலாக்கோலைப் போல இதை நினைத்துக்கொள்ளுங்கள். தசை இருப்பது குட்டைக் கையில். அதனால் அது உடல் எடையைவிட அதிக பலத்தோடு இழுத்தாக வேண்டும். எடையும் இந்த இழுப்பும் சேர்ந்து மூட்டின் மேல் விழுகின்றன. பெர்லினில் செயற்கை மூட்டுக்குள்ளேயே சுமையை அளக்கும் கருவி வைத்துப் பொருத்தி ஆராய்ந்தார்கள். சாதாரண நடையில் உடல் எடையைப் போல ஏறத்தாழ இரண்டரை மடங்கு சுமை வருகிறது என்று தெரிந்தது. 70 கிலோ எடை உள்ளவருக்கு அடிக்கு 170 கிலோவுக்கு மேல். கால் தடுக்கிச் சமாளிக்கும் அந்த ஒரு கணத்தில் ஏழெட்டு மடங்கு வரை ஏறியிருக்கிறது. இதைப் படித்தபின் நான் தூரத்தைப் பற்றிக் கவலைப்படுவதை விட்டுவிட்டு, தரையைப் பற்றிக் கவலைப்பட ஆரம்பித்தேன். பெயர்ந்த நடைபாதைக் கல்லில் அரை கிலோமீட்டர் நடப்பதைவிட, பள்ளி மைதானத்தில் இரண்டு கிலோமீட்டர் நடப்பது என் மூட்டுக்கு நல்லது.

இங்கேதான் கைத்தடி வருகிறது. என்னைப் பொறுத்தவரை இந்தக் கட்டுரையில் இருக்கும் எல்லா வழிகளிலும் குறைந்த செலவில் நிறைய பலன் தருவது இதுதான். எல்லோரும் ஒதுக்கித்தள்ளுவதும் இதைத்தான். நானும் எட்டு மாதம் ஒதுக்கினேன். மாணவர்கள் முன்னால் தடியோடு போவதா என்று கூச்சம். தடி இல்லாமல் விந்தி விந்திப் போனேன். அந்த விந்தலால் முதுகும் இடது முட்டியும் வலிக்க ஆரம்பித்தன.

தடியை வலிக்கும் பக்கத்துக்கு எதிர்க்கையில் பிடிக்க வேண்டும். வலது இடுப்பு வலித்தால் இடது கை. சினிமாவில் காட்டுவதும், பெரும்பாலானோர் வழக்கமாகப் பிடிப்பதும் நேர்மாறு. எதிர்க்கையில் இருக்கும்போது அது துலாக்கோலின் நீளக் கையை முட்டுக்கொடுத்துத் தூக்கிவிடுகிறது. கை கொஞ்சம் ஊன்றினாலே இடுப்புத் தசை இழுக்க வேண்டிய அளவு நன்றாகக் குறையும். வலிக்கும் காலோடு சேர்ந்து தடியும் முன்னால் போக வேண்டும். உயரம், செருப்பு போட்டுக் கையைத் தொங்கவிட்டு நின்றால் மணிக்கட்டு மடிப்பு வரை. அதற்கு மேல் உயரமானால் தோள் தூக்கிக்கொள்ளும். அடியில் ரப்பர் குப்பி தேய்ந்தால் உடனே மாற்றுங்கள். ஈரத் தரையில் வழுக்கினால் தடியால் நன்மையே இல்லை. அமெரிக்க எலும்பு மருத்துவர் வால்டர் பிளவுண்ட் 1956லேயே தடிக்காக வாதாடி எழுதியிருக்கிறார். ஏறத்தாழ எழுபது வருடம் ஆகிறது, இன்னும் நம் வீடுகளில் தடி என்றால் முதுமையின் அடையாளமாகத்தான் இருக்கிறது. இது எனக்கு உண்மையாகவே வருத்தம் தரும் விஷயம்.

சுமைக்கு இதே கணக்கு தலைகீழாக வரும். காய்கறிப் பையை வலிக்கும் பக்கத்துக் கையிலேயே பிடிக்க வேண்டும். எதிர்க்கையில் பிடித்தால் துலாக்கோலின் நீளக் கையில் இன்னும் எடையைத் தொங்கவிட்டது போல ஆகும். வலது இடுப்பு வலித்தால் பை வலது கையில், தடி இடது கையில். தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துத் தூக்குவதை மட்டும் முழுக்க நிறுத்திவிட்டேன். படியில் ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கும் காலும் தடியும் முதலில்.

சரி, நடை மட்டும் போதுமா? எனக்குப் போதவில்லை. நடை மூச்சுக்கும் மனசுக்கும் நல்லது, சர்க்கரைக்கும் நல்லது. ஆனால் இளைத்த தசையை நடை மட்டும் திருப்பிக் கொண்டுவரவில்லை. ஒரே மூச்சில் 40 நிமிடம் நடந்த நாட்களில் மறுநாள் காலை கட்டிலை விட்டு இறங்கவே கஷ்டப்பட்டேன். அதையே காலை 15, மாலை 15 என்று பிரித்தபின் அந்தத் தொல்லை இல்லை.

தண்ணீருக்கு வருவோம். வலி அதிகமாக இருக்கிறவர்களுக்கு, எடை கூடுதலாக இருக்கிறவர்களுக்கு, தண்ணீருக்குச் சமமாக எதுவும் இல்லை. இடுப்பளவு தண்ணீரில் நின்றால் உடல் எடையில் பாதிதான் காலில் விழும். நெஞ்சளவில் நின்றால் மூன்றில் ஒரு பங்குதான். தரையில் விந்தி நடந்த நான் தண்ணீருக்குள் நேராக நடந்தேன். முதல் நாள் அதற்காகவே கண் கலங்கியது. நீச்சல் தெரிய வேண்டிய அவசியமே இல்லை; முன்னால், பின்னால், பக்கவாட்டில் நடந்தாலே போதும். நீந்துகிறவர்கள் தவளை போலக் காலை விரித்து உதைக்கும் முறையை விட்டுவிட வேண்டும், அது இந்த மூட்டை முறுக்கும். மல்லாந்து படுத்தோ, ஃப்ரீஸ்டைலிலோ காலை நேராக அடிப்பது ஒத்துவரும்.

ஆனால் தண்ணீர் பக்கத்தில் இருக்க வேண்டுமே. சென்னையில் மெரினாவில் மாநகராட்சிக் குளம் இருக்கிறது, வேளச்சேரியில் அரசு நீச்சல் குள வளாகம் இருக்கிறது. சிறு ஊர்களில் அதுவும் இல்லை. நான் போன குளத்தில் ஏறி இறங்கச் செங்குத்தான இரும்பு ஏணிதான். தண்ணீரில் எடை இல்லாமல் இருந்த உடம்பு ஏணியின் கடைசிப் படியில் முழு எடையோடு காலில் இறங்கும். போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். ஆறு வாரம் போனேன், அப்புறம் தேர்வு நேரம் வந்தது, நின்றுபோனது. உங்கள் வீட்டிலிருந்து 20 நிமிடத்துக்குள் அகலமான படிக்கட்டு உள்ள குளம் இருந்தால் யோசிக்காமல் போங்கள். கிணற்றிலும் ஆற்றிலும் இந்த இடுப்போடு இறங்க வேண்டாம். பாசிப் படியில் ஒரு சறுக்கல் போதும்.

சைக்கிளில், சுமை நடையைவிடக் குறைவு, மூட்டும் நன்றாகச் சுழலும். கவனிக்க வேண்டியது சீட் உயரம் ஒன்றுதான். மிதி அடியில் இருக்கும்போது முட்டி லேசாக மட்டும் மடங்கியிருக்க வேண்டும். சீட் தாழ்ந்திருந்தால் மிதி மேலே வரும்போது தொடை வயிற்றை நோக்கி அழுத்தும். அந்த மடிப்பில்தான் தொடை இடுக்கு குத்தும். குறுக்குக் கம்பி இல்லாத லேடீஸ் சைக்கிளை ஆண்களும் கூச்சமில்லாமல் எடுக்கலாம், காலைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. ரோட்டில் ஓட்டுவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். சிக்னலில் திடீரென்று கால் ஊன்றும்போது எந்தக் கால் முதலில் போகும் என்று நம் கையில் இல்லை. வீட்டில் வைக்கும் உடற்பயிற்சி சைக்கிள் நல்ல தேர்வு. மழைக்காலத்தில் எனக்குக் கை கொடுப்பது அதுதான். காலை எழுந்ததும் பத்து நிமிடம் எதிர்ப்பு இல்லாமல் சும்மா சுற்றினால் விறைப்பு விட்டுப்போகிறது.

யோகாவைப் பற்றிச் சொல்ல எனக்குத் தயக்கம் உண்டு, ஏனென்றால் பலர் அதை உயிராக மதிக்கிறார்கள். நானும் பத்து வருடம் செய்தவள். ஆனாலும் பத்மாசனம் போன்று மூட்டைக் கடைசி எல்லை வரை மடக்கித் திருப்பும் ஆசனங்கள் தேய்ந்த இடுப்புக்கு வேண்டாம். பந்துக்கிண்ண மூட்டின் விளிம்பில் எலும்பு முளைத்துவிட்ட பிறகு, இழுத்தால் இளகும் என்பது நடக்காது, எலும்பும் எலும்பும் இடிக்கத்தான் செய்யும். நாற்காலியில் உட்கார்ந்தும் சுவரைப் பிடித்தும் செய்யும் யோகா வேறு. ஆசிரியரிடம் நிலைமையைச் சொல்லிவிட்டுச் செய்யலாம். இதே காரணத்துக்காக அரிவாள்மணையை மேடைக்கு ஏற்றிவிட்டேன், வீட்டில் ஒரு கழிப்பறையை வெஸ்டர்னாக மாற்றினோம், நாற்காலிக்கு அடியில் கட்டை வைத்து நான்கு அங்குலம் உயர்த்தினார் என் வீட்டுக்காரர். கல்யாணப் பந்தியில் டேபிள் கேட்பதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

இனி, நான் முதல் இடம் கொடுக்கும் தசைப் பயிற்சி. நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து, மெதுவாக உட்காருவது. மல்லாந்து படுத்து முட்டியை மடக்கிப் பிட்டத்தைத் தூக்குவது. சமையல் மேடையைப் பிடித்து நின்று காலைப் பக்கவாட்டில் தூக்குவது. பழகியபின் கணுக்காலில் ரப்பர் பட்டை. மாடிப்படியின் முதல் படியில் ஏறி இறங்குவது. ஒவ்வொன்றும் பத்து முறை, இரண்டு மூன்று சுற்று, வாரத்தில் இரண்டு மூன்று நாள். மொத்தம் அரை மணி நேரம். இதில் ஒன்றே ஒன்றுக்குத்தான் இடம் என்றால் பக்கவாட்டில் கால் தூக்குவதைத் தேர்ந்தெடுங்கள். துலாக்கோலைப் பிடித்திருக்கும் அந்த வெளிப்பக்கத் தசைக்கான பயிற்சி அது. முதல் மூன்று வாரம் எனக்கு ஒரு மாற்றமும் தெரியவில்லை. ‘தம்பி, இது வேலைக்காகாது போலிருக்கே’ என்று பிசியோவிடம் சொன்னேன். ‘தசை வளர எட்டு வாரமாவது வேணும்மா, அதுக்கு முன்னாடி முடிவு பண்ணாதீங்க’ என்றார். ஒன்பதாவது வாரம் பஸ் படியில் கம்பியை இழுக்காமல் ஏறினேன்.

நடை, தண்ணீர், சைக்கிள் மூன்றையும்விட இதை மேலே வைப்பதற்குக் காரணம், இதற்கு இடம் வேண்டாம், மழை வெயில் இல்லை, காசு இல்லை, மற்ற எல்லாவற்றுக்கும் இதுவே அடித்தளம். ஆனால் ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். பயிற்சியால் தேய்ந்த குருத்தெலும்பு திரும்ப வளராது. முற்றிய தேய்மானத்தில் பயிற்சியின் பலனுக்கு ஒரு எல்லை உண்டு.

மாத்திரையும் ஊசியும் அசைவுக்கு மாற்று அல்ல, துணை மட்டும். டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளைச் சில நாள் எடுப்பது வேறு, மெடிக்கல் ஷாப்பில் கேட்டு மாதக்கணக்கில் விழுங்குவது வேறு; வயிறு, சிறுநீரகம், ரத்த அழுத்தம் மூன்றும் பாதிக்கும். களிம்பு இந்த மூட்டின் ஆழத்துக்கு எட்டாது. ஸ்கேன் பார்த்துப் போடும் ஸ்டீராய்டு ஊசி சில வாரம் வலியைத் தணித்து, பயிற்சி தொடங்க வழி விடலாம். ஆனால் அது போட்ட மூன்று மாதத்துக்குள் மூட்டு மாற்று செய்தால் கிருமித் தொற்று அபாயம் கூடுகிறது. மூட்டுத் திரவம் போன்ற பொருளைச் செலுத்தும் ஹையலுரானிக் ஊசியையும், நம் ரத்தத்திலிருந்தே பிரித்துப் போடும் பிஆர்பி ஊசியையும் இடுப்புத் தேய்மானத்துக்கு வேண்டாம் என்று அமெரிக்க மூட்டுநோய் மருத்துவர்கள் சங்கத்தின் (ஏசிஆர்) 2019 வழிகாட்டுதல் அழுத்தமாகவே சொல்கிறது. பெயர் தெரியாத பொட்டலத்தில் வரும் ‘மூட்டுவலி மருந்தை’த் தொடவே வேண்டாம். அதில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் தொடை எலும்பின் தலைக்கு ரத்தம் போவதே நின்று எலும்பு செத்துப்போகலாம். நம் ஊரில் இளம் வயதிலேயே இடுப்பு மூட்டை மாற்ற வேண்டி வருவதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று அந்த ரத்த ஓட்டக் குறைவு. அதனால் 40 வயதுக்குள் இடுப்பு வலி வந்தால் இந்தக் கட்டுரையை வைத்து முடிவு செய்யாமல், முதலில் எலும்பு மருத்துவரிடம் காட்டி எம்ஆர்ஐ தேவையா என்று கேளுங்கள். விழுந்தபின் கால் ஊன்றவே முடியாமல் போனாலோ, காய்ச்சலோடு மூட்டு வலித்தாலோ அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கடைசியாக அறுவை சிகிச்சை. ‘தள்ளிப்போட முடிந்தவரை தள்ளிப்போடு’ என்று நம் வீடுகளில் சொல்வதை நான் முழுக்க ஏற்கவில்லை. இங்கிலாந்தின் ரைட்டிங்டனில் ஜான் சார்ன்லி 1962இல் வெற்றிகரமாகச் செய்துகாட்டிய முறையின் வாரிசுதான் இன்றைய மூட்டு மாற்று. 2019இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வுத் தொகுப்பின்படி, பொருத்திய மூட்டுகளில் ஏறத்தாழ 58 சதவீதம் 25 வருடம் தாக்குப்பிடிக்கின்றன. எனக்கு மிகவும் உதவியது 2024இல் வெளியான டென்மார்க் ஆய்வு. 50 வயதுக்கு மேற்பட்ட, தேய்மானம் கடுமையாக இருந்த 109 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதிக்கு மூட்டு மாற்று, மறு பகுதிக்கு எடை தூக்கும் தசைப் பயிற்சி என்று கொடுத்தார்கள். ஆறு மாதத்தில் 48 மதிப்பெண்ணுக்கான இடுப்பு அளவுகோலில் அறுவை சிகிச்சைப் பிரிவு ஏறத்தாழ 16 புள்ளி முன்னேறியது, பயிற்சிப் பிரிவு நாலரை. வித்தியாசம் பெரியது. ஆனாலும் பயிற்சிப் பிரிவில் ஐந்தில் ஒருவர்தான் அந்த ஆறு மாதத்துக்குள் அறுவை சிகிச்சைக்குப் போனார். நான் இதைப் புரிந்துகொண்டது இப்படி: தேய்மானம் முற்றியபின் பயிற்சியே போதும் என்று பிடிவாதம் பிடிப்பதில் அர்த்தம் இல்லை, முற்றாதபோது அவசரப்பட்டு வெட்டிக்கொள்ளவும் தேவை இல்லை. தொற்று, மூட்டு நழுவுதல், காலில் ரத்தம் உறைதல் என்று அறுவை சிகிச்சைக்கே உரிய அபாயங்களும் உண்டு. தசை முழுக்க இளைத்தபின் போய்ப் படுத்தால் எழுந்து நடக்க நாளாகும் என்பதால், இப்போது செய்யும் பயிற்சி எந்த வழியில் போனாலும் வீண் இல்லை.

நான் இப்போது செய்வது: திங்கள், புதன், வெள்ளி தசைப் பயிற்சி. தினமும் இரண்டு வேளை 15 நிமிட நடை, வெளியே போனால் தடியோடு. மழை நாளில் சைக்கிள். எடை 76இலிருந்து 71க்கு வந்திருக்கிறது. ஐந்து கிலோ குறைந்தால் மூட்டுக்கு அடிக்குப் பன்னிரண்டு கிலோ மிச்சம். புதிய தாழ்தளப் பஸ்கள் 2024 ஆகஸ்டில் சென்னையில் ஓட ஆரம்பித்தபின், அவை வருகிற வழித்தடமாகப் பார்த்துப் போகிறேன், படியே ஏற வேண்டியதில்லை.

மருத்துவரோடு பேசி ஒரு கோடும் போட்டு வைத்திருக்கிறேன். ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிற்றுக்கிழமை மூன்றைச் சோதித்துக் காலண்டரில் எழுதுகிறேன்: வலது கால் நகத்தை நானே வெட்ட முடிகிறதா, வலியால் வாரத்தில் எத்தனை இரவு விழித்தேன், தெரு முனைப் பால் கடை வரை நிற்காமல் போய்வர முடிகிறதா. போன மாதம் நகம் வெட்ட முடிந்தது, விழித்தது ஒரு இரவு, பால் கடைக்குப் போய்வந்தேன். இந்த மூன்றில் ஏதாவது இரண்டு, தொடர்ந்து மூன்று மாதம் தவறினால், கோடை விடுமுறையில் அறுவை சிகிச்சைக்குத் தேதி வாங்கிவிடுவதாக வீட்டில் சொல்லியாகிவிட்டது.